சில்லின்மேல் ஒரு வீடு: தலவில யாத்திரையின் கூடார வண்டில்கள்

மொறொக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1344ஆம் ஆண்டில் புத்தளம் கரையில் இறங்கினார். அப்போது அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி தம்மைச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்த விதத்தை அவர் தமது பயண நூலில் ஒரு பட்டியலாகவே சொல்லியிருக்கிறார். ஏறிச்செல்ல ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க அரசரின் ஆட்கள், ஆண்டுதோறும் மலைக்குச் சென்றுவரும் வழக்கமுடைய நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரச பரிவாரத்தைச் சேர்ந்த பத்துப்பேர், உணவுப் பொருட்களைச் சுமந்துவரப் பதினைந்து பேர். பல்லக்குத் தூக்கியவர்களை விட்டுவிட்டாலும் முப்பத்திரண்டு பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சாப்பாட்டுச் சுமைக்காகவே நடந்தவர்கள்.

இந்தப் பட்டியலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அரசர் கொடுத்த மரியாதையை விட அதில் என்னைக் கவர்வது வேறொன்று. அந்தப் பயணத்தில் சில்லு இல்லை. படுக்க இடம், சமைக்கப் பாத்திரம், உண்ண அரிசி எல்லாமே மனிதனின் தோளில்தான் போயின.

கனடாவிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் வாழும் வாசகர்கள், காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறிய வீடுகளைப் பார்த்திருப்பார்கள். கோடை விடுமுறையில் ஏரிக்கரைக்குப் போகும். மாரியில் உறை போர்த்திக்கொண்டு வீட்டு முற்றத்தில் உறங்கும். கரவன் என்று அதற்குப் பெயர். இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, எமக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நம்மவர் பலர் எண்ணுவதுண்டு. புத்தளக் கரையில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சில்லின்மேல் வீடுகள் ஓடின. அவற்றை எப்படி ஆயத்தப்படுத்தினார்கள், எப்படிப் பேணினார்கள் என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். சிலாபத்திலிருந்து வடக்கே போகப் போக மழை குறையும். முந்தல், புத்தளம் களப்புகளுக்கும் கடலுக்கும் இடையே கிடப்பது மணல். கற்பிட்டித் தீபகற்பம் முழுவதும் ஒரு நீண்ட மணல் நாக்கு. மணலுக்கடியில் மழைநீர் ஒரு வில்லை போலத் தேங்கி நிற்பதால் ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும்; அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். இப்படிப்பட்ட நிலத்தில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களைப்போலவே, பருவத்துக்கு வந்து போனவர்களும் முக்கியமானவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஒரு கரையிலும் வடகீழ்ப் பருவக்காற்றின்போது மறு கரையிலும் தொழில் செய்த மீனவர்கள், கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து தங்கிய இடத்துக்கு 'வாடி' என்று பெயர். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள தீவுகளில் இன்றும் வாடிகள் உண்டு. ஆங்கிலேயர் உத்தியோகத்தருக்காகக் கட்டிய விடுதிக்கும் நம்மவர் வைத்த பெயர் 'வாடிவீடு' என்பதுதான். கலெக்டர் துரை தங்கினாலும் கரைவலைக்காரர் தங்கினாலும் தமிழுக்கு அது வாடி!

இந்தக் கரையின் செல்வம் உப்பு. கண்டி இராச்சியத்துக்கு உப்பு போனது இங்கிருந்துதான். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இலங்கையின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர் எழுதி வாங்கிக்கொண்டபோதும், புத்தளம், சிலாபம் உப்பளங்களில் கண்டி மக்கள் உப்பு எடுக்கும் உரிமையை விட்டுவைக்க வேண்டியிருந்தது. அந்த உப்பைக் கொண்டுபோனவை தவளங்கள், அதாவது முதுகில் பொதி ஏற்றிய மாடுகளின் வரிசைகள். பொதிமாட்டுப் பயணத்தில் ஒரு சங்கடம் உண்டு. மாலையில் ஒவ்வொரு மாட்டின் சுமையையும் இறக்கவேண்டும், விடியலில் மறுபடியும் ஏற்றவேண்டும். மழை வந்தால் ஒதுங்க மாட்டின் வயிற்றுக்கடியில் இடமில்லை. வண்டில் வந்தபோது இது மாறியது. மாட்டைத்தான் அவிழ்க்க வேண்டும், சுமை தன்பாட்டில் இருக்கும். அந்தச் சுமைக்கு மேலே ஒரு கூரையும் போட்டுக்கொண்டால் அது வீடு.

வண்டில் இங்கு பெருகியது பிரித்தானியர் வீதி அமைத்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில். சொற்களின் கதை சுவையானது. எங்கள் பாட்டனார் வண்டிலைக் 'கரத்தை' என்பார். போர்த்துக்கேயரின் 'கரேத்தா' தமிழில் கரத்தையாகவும் சிங்களத்தில் கரத்தயவாகவும் ஆயிற்று. ஆங்கிலேயரோ நமது 'வண்டி'யை எடுத்து 'பாண்டி' என்று தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லை நாம் எடுக்க, நம் சொல்லை மற்றவர் எடுக்க, வண்டில் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இனித் தலவில. கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்பக்கத்தில், நுரைச்சோலைக்கு வடக்கே இருக்கிறது புனித அன்னம்மாள் ஆலயம். இன்றுள்ள கட்டிடம் 1843இல் முற்றுப்பெற்றது. உள்ளே முதிரை மரத் தூண்கள். அதன் தோற்றம் பற்றிய ஐதீகம், மன்னாரிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிப்போன ஒரு ஏழைப் போர்த்துக்கேயர் வெறுங்கையுடன் திரும்பும் வழியில் இங்கே மரத்தடியில் படுத்துறங்கிக் கனவு கண்டார் என்பது. வழிப்போக்கன் தூங்கிய இடமே கோயிலாயிற்று என்று கொள்ளலாம். மார்ச்சில் ஒன்று, ஜூலை இறுதியில் தொடங்கி ஓகஸ்ட் முற்பகுதியில் முடிவது ஒன்று என ஆண்டில் இரு பெருவிழாக்கள். நீர்கொழும்பு, சிலாபம், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். பெருந்தொகையான மக்கள் வருவதால் கல்லிலும் மரத்திலும் கட்டிய விடுதிகள் எக்காலத்திலும் போதியதாக இருந்ததில்லை. ஆகவே குடும்பம் தன் தங்குமிடத்தைத் தானே கொண்டுவரவேண்டும்.

சிலாபத்திலிருந்து பாலாவி போய், அங்கே மேற்கே திரும்பித் தலவிலவை அடையச் சுமார் 70 கிலோமீற்றர். களப்பும் வாய்க்காலுமாக ஒல்லாந்தர் காலம் முதல் இருந்த நீர்வழியில் ஓலைக்கூரை போட்ட பாருகளும் ஓடின. ஆனால் மூட்டை முடிச்சு, கிழவர், பிள்ளைகள் என்று போகும் குடும்பத்துக்கு வண்டிலே வசதி. இரட்டை மாட்டு வண்டில் மணிக்கு இரண்டு அல்லது இரண்டரை மைல் நகரும். வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டி, பகலில் தென்னந்தோப்பில் அவிழ்த்துப் போட்டுக் கிடப்பார்கள். மூன்று நான்கு இரவுப் பயணம். திருவிழா ஒன்பது பத்து நாள். திரும்பி வர அதே மூன்று நான்கு இரவு. ஆக, பதினைந்து நாட்களுக்கு மேல் அந்த வண்டில்தான் வீடு.

என் தாய்வழிப் பாட்டனாரிடம் முந்தலில் மூன்று வண்டில்கள் இருந்தன. திருவிழாக் காலங்களில் அவற்றை வாடகைக்கு ஓட்டினார். நான் கண்டபோது ஒன்றுதான் மிச்சம். அதுவும் கொட்டிலுக்குள் நின்றது. ஆனால் அதை ஆயத்தம் செய்த முறையை அவர் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நாள் கேட்டவர் போலல்ல, கணக்கப்பிள்ளை போலச் சொல்லுவார்.

கூடாரத்துக்கு வளைத்த கம்புகளின்மேல் முதலில் பாய், அதற்கு மேல் இரண்டு அடுக்குக் கிடுகு. கிடுகு புதிதாக இருக்கவேண்டும். பழைய கிடுகின் பாரம் குறைவு, ஆனால் ஒழுகும். வண்டிலின் தளத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பன்பாய். பகலில் இருக்கை, இரவில் படுக்கை. வைக்கோல் மெத்தைக்கு இன்னுமொரு பயன் உண்டு. பயணம் முடிய முடிய அது மாட்டுக்குத் தீனியாகும். வண்டிலின் அடியில் அச்சுக்குப் பின்னால் சாக்கில் ஒரு தொட்டில் கட்டியிருக்கும். அதில் புண்ணாக்கும் மேலதிக வைக்கோலும். தென்னை நாட்டில் புண்ணாக்குக்குக் குறைவில்லை. அச்சுக்கு முன்னால் அரிக்கன் லாம்பு ஒன்று தொங்கும். பானை சட்டி எல்லாம் பின்பக்கத்தில் வலைப் பையொன்றில். தண்ணீர்க் குடம் மட்டும் உள்ளே, நடுவில், வைக்கோல் வளையத்தின்மேல். அரிசி, தேங்காய், செத்தல், புளி, உப்பு. "உப்பு எதற்கு, வழியெல்லாம் உப்புத்தானே" என்று நான் கேட்டதுண்டு. அரசாங்கத்து உப்பில் கை வைத்தால் விலங்கு என்பார். உப்பு அக்காலத்தில் அரசின் தனியுரிமை.

இவற்றை ஏற்றும் ஒழுங்கில்தான் வண்டில்காரரின் திறமை இருந்தது. இரண்டு சில்லு வண்டில் ஒரு தராசு. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே பாரமானவை அச்சுக்கு நேரே, மிகச் சிறிதளவு பாரம் மட்டும் முன்னே. ஏறியபின் பாட்டனார் ஒற்றைக் கையால் நுகத்தைத் தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியவேண்டும், ஆனால் தானாக எழும்பக்கூடாது. இன்று வட அமெரிக்காவில் கரவன் வைத்திருப்போருக்குச் சொல்லித்தருவதும் இதே பாடம்தான். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ கொளுக்கியில் இறங்கவேண்டும், குறைந்தால் பின்வண்டி வீதியில் பாம்புபோல் நெளியும் என்பார்கள். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்குக் கிட்ட வைப்பதும் இதற்காகவே.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி. பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கரவன் என்று பிரித்தானியர் கொண்டாடுவது 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியை. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை வைத்தியர் 1885இல் அதைப் பிறிஸ்டல் நகரில் கட்டுவித்து, இரு குதிரைகள் பூட்டி ஸ்கொட்லாந்து வரை போனார். நிறை சுமார் இரண்டு தொன். உள்ளே புத்தக அலுமாரி, ஹார்மோனியம். கூடவே வண்டியோட்டியும் ஒரு பணியாளும். எதிரே வருவோரை எச்சரிக்க அந்தப் பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னால் போனாராம். கரவன் கழகம் அங்கே தொடங்கியது 1907இல். அந்த ஆண்டுகளில் சிலாபத்திலிருந்து எட்டுப் பத்துப் பேர் கொண்ட குடும்பங்கள், ஹார்மோனியம் இல்லாமல், அதன் கால்வாசிப் பாரத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்வந்தன. அதற்குக் கழகம் ஒன்று தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பேணுதல் என்று வந்தால் எல்லாம் சில்லில்தான். நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டைகள், வட்டைகளைச் சுற்றி இரும்பு வளையம். ஐந்தடி உயரச் சில்லு மணலில் புதையாமல் ஏறி இறங்கும் என்பதால் இங்கே பெரிய சில்லையே விரும்பினார்கள். இரும்பு வளையம் மரச் சில்லின் சுற்றளவை விடச் சற்றுக் குறைவாகவே அடிக்கப்படும். பொச்சுமட்டையும் வரட்டியும் வட்டமாக அடுக்கி எரித்து, நெருப்பில் வளையம் சிவந்து விரிந்ததும், நாலுபேர் குறட்டால் தூக்கிச் சில்லின்மேல் பொருத்தி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் எல்லாம் குடத்துக்குள் இறுகுகிற சத்தம் ஒன்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே கொல்லர் வேலை சரியா பிழையா என்று சொல்லிவிடுவாராம்.

ஆனால் திருவிழா வருவது கோடையில். மரம் காய்ந்து சுருங்கும், வளையம் கழன்று ஆடும். அதற்கு மருந்து தண்ணீர். புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளும் சில்லைக் கழற்றிக் குளத்தில் அமிழ்த்தி வைப்பார்கள். மரம் ஊறிப் பருத்து வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். களப்பில் ஊறப்போடக் கூடாது. உவர்நீர் இரும்பைத் தின்னும், துருப்பிடித்த வளையம் ஒரு பக்கம் மெலிந்து மணலில் அறுந்துபோகும். பாலாவிக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் பக்கம் மணலில் அச்சம் இல்லாமல் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு.

மற்றது மை. வைக்கோலைச் சுட்ட கரியை எண்ணெயில் குழைத்த கறுப்புக் களிம்பு. ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிலின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள், பூச ஒரு குச்சியும். ஒவ்வொரு நாளும் அவிழ்த்தபின் கடையாணியைப் பிடுங்கி, சில்லை ஓரளவு வெளியே இழுத்து, அச்சில் மை பூசவேண்டும். பழைய மையை வழித்தெடுக்காமல் புதியதைப் பூசக்கூடாது. கற்பிட்டி மணல் அதற்குள் புகுந்தால் அரம்போல் அச்சை அராவிவிடும். சோம்பேறி வண்டில்காரனின் சில்லை இரவில் கால் மைல் தூரத்திலேயே கேட்கலாம் என்று பாட்டனார் ஏளனம் செய்வார். மை பூசியபின், முன்னும் பின்னும் முட்டுக்கம்பு கொடுத்துத் தளத்தை மட்டமாக்குவார்கள். அதன்பிறகுதான் பெண்கள் உள்ளே பாய் விரிப்பார்கள். ஆண்கள் வண்டிலுக்கடியில்.

சிலாபம், நீர்கொழும்புக் கரைகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் கணிசமானவை கடந்த நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிவிட்டன. பாட்டனாரின் வண்டிலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று என்னுடன் சிங்களத்தில்தான் பேசுகிறார்கள். ஆரக்கால், வட்டை என்ற சொற்கள் அவர்களுக்கு வேண்டியதில்லை. தமிழ் பேசும் என் பிள்ளைகளுக்கும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1916இல் சிலாபம் வரை வந்த புகையிரதம் 1926இல் புத்தளத்தை எட்டியது. பிறகு பஸ். நீண்ட வண்டில் பயணங்கள் அத்துடன் குறைந்தன. ஆனால் கிடுகும் கம்பும் போகவில்லை.

1990 ஒக்ரோபர் இறுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் தங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பியபின், தென்னந்தோப்புகளில் கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து குடிசைகள் எழுந்தன. நான் அப்போது பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன்.

அந்தக் குடிசைகளை முதன்முதல் பார்த்தபோது திருவிழாக் கொட்டில் என்றே மனத்தில் பட்டது. அதே கிடுகு, அதே கயிறு, அதே அளவு. ஆனால் திருவிழாவுக்குப் போகிறவர் ஒரு கிழமை இருந்து வண்டில் கட்டுவார், இவர்கள் கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள். அவர் பதினைந்தாம் நாள் வீடு திரும்புவார். கிடுகு ஒரு மாரியைத் தாங்கும், இரண்டாவதில் ஒழுகத் தொடங்கும். ஆண்டுதோறும் மாற்றவேண்டும், மாற்றக் காசு வேண்டும். உலக வங்கியின் உதவியுடன் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது 2007இல்தான். அதற்குள் முகாமில் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டார்கள். பத்து நாளுக்கென்று மனிதன் கண்டுபிடித்த வீட்டில் பதினேழு ஆண்டு. இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது போதாது என்பது அன்றும் இன்றும் என் கருத்து. அதைச் செய்தவர்கள் தமிழின் பெயரால் செய்தார்கள் என்பதனால் எழுதும் கடமை நமக்குக் கூடுதலாக உண்டு.

தலவிலவுக்கு இப்போது கார்பட் வீதி இருக்கிறது. நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி மின்நிலையம் இயங்குகிறது. கற்பிட்டிப் பக்கம் காற்றாடிப் பலகையில் கடலில் சறுக்க வரும் ஐரோப்பியருக்குக் கூடாரங்களும் மரக் குடில்களும் உண்டு. சில விடுதிகளின் வாசலில் பழைய வண்டில் சில்லுகளை அலங்காரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள், வார்னிஷ் பூசி.

ஆனால் வண்டில் வேறோர் உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஓகஸ்ட் திருவிழாவுக்கு உள்ளூர்க் குடும்பங்கள் சில, இரு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் கொளுவிய பெட்டியில் வருகின்றன. எங்கள் பக்கத்தில் அதற்கு 'லாண்ட்மாஸ்டர் பெட்டி' என்றே பெயர், இயந்திரம் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும். வளைத்த இரும்புக் கம்பிமேல் தரப்பாள்; தளத்தில் ரப்பர் மெத்தை; ஒரு காஸ் அடுப்பு; மூன்று நான்கு தண்ணீர்க் கான்கள், அச்சுக்கு நேரே. ஓட்டுபவர் பழைய வண்டில்காரரைப்போலவே பெட்டியின் முன்பலகையில்தான் உட்காருகிறார். மணலில் இறங்குமுன் ரயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்.

சென்ற திருவிழாவில் அப்படியொரு பெட்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். வருடம் ஒருமுறை இரண்டு சில்லையும் கழற்றி, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் அடைப்பதாகச் சொன்னார். கடல்நீரில் இறங்கிவிட்டால் அன்றிரவே. வழியில் எங்கு நிறுத்தினாலும் முதலில் குனிந்து சில்லின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். இளஞ்சூடாக இருந்தால் பயமில்லையாம். கை வைக்க முடியாமல் கொதித்தால் கிறீஸ் முடிந்துவிட்டது, அதற்கு மேல் ஓரடியும் நகர்த்தக்கூடாது.